வயலில் ஓடிய ஜெட் படகு

நான் கடைசியாகப் பார்த்த வேலை வளைகுடா நாட்டுத் துறைமுகம் ஒன்றில். ரோந்துப் படகுகளின் என்ஜின்களைப் பராமரிக்கும் பட்டறை அது. அங்கே இருந்தவை எல்லாம் ஜெட் படகுகள். அவற்றுக்கு ப்ரொப்பெல்லர் கிடையாது. படகின் அடியில் இருக்கும் சல்லடை வழியாகத் தண்ணீரை இழுத்து ஒரு பம்பு பின்பக்கமாகப் பீய்ச்சி அடிக்கும். அந்த உதையில் படகு முன்னால் போகும். பம்பிலிருந்து ஒரு சின்னக் குழாய் பிரிந்து போய், என்ஜினைச் சுற்றி அதன் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே விழும். ஆகையால் சல்லடையில் பாசி அடைத்தால் இரண்டு ஆபத்து ஒன்றாக வரும். படகு இழுக்காது, என்ஜினும் வேக ஆரம்பிக்கும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஃபோர்மேன் கேட்டார். "இந்த மாதிரிப் படகு முன்ன பாத்திருக்கியா?"

"ஒண்ணு ஓட்டியிருக்கேன் சார்."

"எங்க?"

"நெல் வயல்ல."

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். விளக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் உட்கார வேண்டும். என்ஜின் ஓடுகிற இடத்தில் என்னால் உட்கார முடியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே காது அந்தப் பக்கம் போய்விடும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய் அதன் தலையைத் தொட்டுப் பார்த்தால்தான் நிம்மதி. இதை என் மனைவி வியாதி என்பாள். அது எப்போது வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மன்னார்குடியில் ஆயில் என்ஜின் விற்கிற கடை ஒன்றில் மெக்கானிக்காக இருந்தேன். என் அப்பாவும் அம்மாவும் பண்ணை வேலை செய்தவர்கள். நான் சேரித் தெருவில் பிறந்தவன். இஸ்திரி போட்ட சட்டையும் கையில் டூல் பெட்டியும் இருந்ததால், போகிற ஊர்களில் என்னை யாரும் எந்தத் தெரு என்று உடனே கேட்பதில்லை. கேட்டாலும் "மன்னார்குடிங்க" என்று சொல்லிவிட்டு என்ஜின் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நிலத்துக்கு உச்சவரம்பு வரப்போகிறது, குத்தகைக்காரர் பெயரெல்லாம் பதிவாகப்போகிறது என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. மிராசுதார்கள் அவசர அவசரமாக உறவுக்காரர் பெயர்களுக்குப் பட்டா மாற்றிக்கொண்டிருந்தார்கள். கூலிக்காரர்கள் சங்கம் கட்டி, அறுப்புக் கூலி நெல்லை உயர்த்தினால்தான் அரிவாளைத் தொடுவோம் என்றார்கள். ஓர் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் முதலில் சங்கத்துக் கொடிக்கம்பம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்வேன். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நடக்கிறவனுக்கு முதுகில் எப்போதும் ஒரு குறுகுறுப்பு இருக்கும்.

அந்த ஐப்பசியில் என்னைக் கூப்பிட்டனுப்பியவர் கூத்தாநல்லூருக்குத் தெற்கே, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஓர் ஊரின் மிராசுதார். ஐம்பது வயது, ஒல்லியான மனிதர். எதையும் மற்றவர் கையில் விடாதவர். குறுவை பழுத்து நிற்கிறது. ஆட்கள் வேலை நிறுத்தத்தில் இருக்கிறார்கள். வானம் வேறு பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. பள்ளக்கால் வயல்களில் தேங்கிய தண்ணீரை வடிகால் ஆற்றுக்கு இறைத்துத் தள்ள வேண்டும். அதற்கான பத்துக் குதிரைசக்தி என்ஜின் நாலு நாளாகப் புகைந்து இருமிக்கொண்டிருந்தது. அதை ஆறு வருஷமாக ஓட்டிவந்த டிரைவர் சங்கத்தில் சேர்ந்துவிட்டார் என்று அவரை நிறுத்திவிட்டு மிராசுதாரே ஓட்டிக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குள் போனதும் பார்த்தேன், வெள்ளைப் புகை. என்ஜின் தலையில் கையை வைத்தேன். பச்சைத் தண்ணீர்ப் பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. குளிர வைக்கும் தண்ணீர் விரல் பருமனுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"இந்தத் திருகை யாருங்க இவ்வளவு தெறந்தது?"

"நான்தான். எவ்வளவு குளுமையா இருக்கோ அவ்வளவு நல்லதுதானப்பா?"

"இல்லீங்க. அதுக்குன்னு ஒரு சூடு வேணும். ரொம்பக் குளுந்து போனா ஆயில் முழுசா எரியாது, உள்ளே கசிஞ்சு தேய்மானம் ஆவும். வெளிய விழுற தண்ணியில கைய வச்சா பொறுக்கணும், ஆனா சுருக்குனு இருக்கணும். அதான் கணக்கு."

அவர் என்னை நம்பவில்லை. கொட்டகைக்கு வெளியே, வரப்பு வழியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதர் நின்று எங்களைப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் சிவப்புத் துண்டு.

"தம்பி, திருகை முக்காவாசி மூடுங்க. அந்த என்ஜின் அப்படித்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தார். அவர்தான் டிரைவர் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

மூடினேன். கொஞ்ச நேரத்தில் புகை வெளுப்பு குறைந்து, அடி சீராக விழுந்தது. மிராசுதார் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு வருஷம் ஐயா ஐயான்னு நின்னவன். இப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்லை" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

அன்று திரும்பியிருக்க வேண்டியவன் நான். சாயங்காலம் காற்று திரும்பியது. பஸ் வரவில்லை. மறுநாள் பகல் முழுக்கப் புயல். கொட்டகைக்குப் பக்கத்து நெல் களஞ்சியத்துக்குள் நின்றபடி தென்னைகள் விழுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த நாள் மழை விட்டபோது வயல்களைக் காணோம். கிழக்கே கண்ணுக்கெட்டிய வரை பழுப்புத் தண்ணீர். யாரும் அறுக்காத குறுவை அதன் அடியில் கிடந்தது.

கூலிக்காரர்களின் தெரு அந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம், ஒரு மேட்டில் இருந்தது. கூரைகள் மட்டும் தெரிந்தன. நடுவே ஒன்றரை மைல் வெள்ளம். அதன் தென்பக்கத்தில் வடிகால் ஆற்றின் கரை உடைந்து, தண்ணீரெல்லாம் அந்த உடைப்பை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. இங்கிருந்தே அதன் இரைச்சல் கேட்டது.

காலை பத்து மணி சுமாருக்கு, வெள்ளத்தில் மாட்டிய ஊர்களைப் பார்க்கக் கூத்தாநல்லூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வந்து சேர்ந்தார். பாதி வழி மாட்டுவண்டி, பாதி வழி இடுப்பளவுத் தண்ணீரில் நடை. தலையில் மருந்துப் பெட்டி. பின்னாலேயே இரண்டு பேர் சலைன் பாட்டில் கூடைகளோடு வந்தார்கள். மேட்டுத் தெருவிலிருந்து இரண்டு வாழைமரத்தைக் கட்டிக்கொண்டு டிரைவர் நீந்தி வந்திருந்தார். கரையேறி உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி சொன்னார்.

"நேத்து சாயங்காலத்துலேந்து வாந்திபேதி நர்சம்மா. ஒரு பெரியவர் போயிட்டாரு. பதினஞ்சு இருவது பேரு படுத்த படுக்கை. நல்ல தண்ணி இல்லை."

மிராசுதாரிடம் கதிர்க்கட்டு ஏற்றும் பெரிய தட்டைத் தோணி ஒன்று இருந்தது. நாலு பேர் கழி ஊன்றிப் புறப்பட்டார்கள். இருநூறு அடி போனதும் திணறினார்கள். உழுத சேற்றில் கழி ஆளுயரம் இறங்கியது. பிடுங்குவதற்குள் காற்று தோணியை உடைப்புப் பக்கம் தள்ளியது. ஒரு தென்னையைப் பிடித்து எப்படியோ திரும்பி வந்தார்கள். நர்ஸ் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. கரையோரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நானும் நடந்தேன். எதிரெதிரே வரும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் விலகிக்கொண்டோம்.

நாலாவது தடவை கொட்டகையைக் கடக்கும்போது நின்றுவிட்டேன். என்ஜினும் பம்பும் ஒரே இரும்புச் சட்டத்தில் இருந்தன. தண்ணீரை இழுக்கும், வேகமாகத் துப்பும். துப்புகிற வாயைத் தோணியின் பின்பக்கம் திருப்பி வைத்தால்? சேற்றில் எதையும் ஊன்ற வேண்டியதில்லை.

டிரைவரிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "வாய்க்குக் குறுகலா ஒரு வளைவு மாட்டணும். அப்பத்தான் பீய்ச்சும். போவும் தம்பி. நடக்குற வேகத்துக்குப் போவும்."

மிராசுதார் உடனே சம்மதிக்கவில்லை. "என்ஜினைக் கொண்டுபோய் ஆத்துல விடச் சொல்றியா? சரி, அப்படியே வச்சுக்கிட்டாலும் அவன் கை அதுல படக் கூடாது."

"அவரு இல்லாம முடியாதுங்க. தண்ணிக்கு அடியில எங்க வரப்பு இருக்கு, எங்க பள்ளம் இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும்."

நர்ஸ் குறுக்கே வந்தார். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு நீச்சல் தெரியாதுங்க. இருந்தாலும் நான் ஏறுறேன். நீங்க என்ஜினைக் குடுங்க."

மிராசுதார் அவரையே பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நானும் வரேன். என் என்ஜின் எங்க போவுதோ அங்க நானும் இருக்கணும்" என்றார்.

பன்னிரண்டு பேர் சேர்ந்து சட்டத்தோடு தூக்கித் தோணியில் வைத்தோம். இழுக்கும் குழாயைப் பக்கவாட்டில் தண்ணீருக்குள் இறக்கி, துப்பும் வாயைப் பின்னால் திருப்பிக் கயிற்றால் கட்டினோம். கைப்பிடியைச் சுற்றி விட்டதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. பின்னால் ஒரு வெள்ளைத் தண்ணீர்க் கம்பி நீண்டது. தோணி அசைந்தது, பிறகு போக ஆரம்பித்தது. கரையில் நின்றவர்கள் கத்தினார்கள். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. என் கண் பக்கத்தில் ஒழுகும் சின்னக் குழாயில்தான் இருந்தது.

முன்பக்கம் மிராசுதார், நடுவில் பாட்டில் கூடைகளுக்குப் பக்கத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நர்ஸ், என்ஜினை ஒட்டி நான், பின்னால் துடுப்போடு டிரைவர். வெள்ளத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்ததால் முதலில் என்ஜின் சூடேற மறுத்தது. வெள்ளைப் புகை. திருகை மூடி மூடிச் சரிக்கட்டினேன். வெளியே விழும் தண்ணீர் கையில் சுருக்கென்று பட ஆரம்பித்ததும் இழுப்பு கூடியது.

"என்னப்பா, சூடு எப்படி?" மிராசுதார் திரும்பாமலே கேட்டார்.

"சரியா இருக்குங்க."

அது உண்மை. பாதி தூரம் வரைக்கும் அது உண்மையாகவே இருந்தது.

வெள்ளம் ஏதோ ஒரு குளத்தை உடைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஆகாயத்தாமரை மெத்தை மெத்தையாக மிதந்து வந்தது. டிரைவர் துடுப்பால் ஒதுக்கிக்கொண்டே வந்தார். ஒன்று தப்பி அடியில் போனது. பின்னால் பீய்ச்சிய தண்ணீர் மெலிந்தது. நான் குனிந்து பார்த்தேன். சின்னக் குழாயில் நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது சொட்டாகிவிட்டது. அப்புறம் சொட்டும் நின்று, ஆவி வந்தது.

தலையில் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன்.

என்ஜினை நிறுத்த வேண்டும். படித்ததும் பழகியதும் அதைத்தான் சொல்லும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நிமிஷத்தில் பிஸ்டன் வீங்கி உள்ளே கவ்விக்கொள்ளும். ஆனால் தெற்கே உடைப்பு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. தண்ணீர் அங்கே வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கிற்று. அதன் விளிம்பில் ஒரு முழுத் தென்னை சுழன்று காணாமல் போனதைப் பார்த்தேன். மெலிந்துபோன அந்த இழுப்பு ஒன்றுதான் எங்களைப் பிடித்து வைத்திருந்தது.

"சூடு எப்படிப்பா?"

"சரியாத்தாங்க இருக்கு" என்றேன்.

அவரிடம் உண்மையைச் சொன்னால் நிறுத்து என்பார். வாதாட நேரமில்லை. அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவ்வளவு யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. காய்ந்த பெயின்ட் வாசனையும் கருகும் எண்ணெய் வாசனையும் எழுந்தன. காற்று முன்பக்கத்திலிருந்து அடித்ததால் அது டிரைவர் மூக்குக்குத்தான் முதலில் போயிருக்கும். அவர் என்னைப் பார்த்தார். துடுப்பை என் பக்கம் தள்ளிவிட்டுத் தண்ணீரில் குதித்தார்.

கழுத்தளவு இருந்தது. குழாயைப் பிடித்துத் தொங்கியபடி தாமரை வேர்களைப் பிய்த்தார். பிய்க்கப் பிய்க்க வேறு வந்து ஒட்டியது. மூழ்கி எழுந்து இருமினார். பிறகு, பல நாளாகப் பேசாத மனிதரிடம் நேராகச் சொன்னார்.

"அந்தக் கூடையை எடுங்க. பாட்டில் கூடை. சீக்கிரம்."

ஐயா இல்லை, எதுவும் இல்லை. மிராசுதார் ஒரு கணம் அப்படியே இருந்தார். பிறகு கூடையிலிருந்த சலைன் பாட்டில்களை நர்ஸின் மடியில் கொட்டிவிட்டு, கூடையோடு தானும் தண்ணீரில் இறங்கினார். அந்த வயதில் அவர் அப்படி இறங்குவார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பேரும் குழாயின் வாயைக் கூடைக்குள் விட்டு, மிராசுதாரின் துண்டால் இறுகக் கட்டினார்கள். கட்டும்போது ஒருவர் கைமேல் ஒருவர் கை. தாமரை இப்போது கூடைக்கு வெளியே நின்றது. தண்ணீர் மட்டும் உள்ளே போனது.

இழுப்பு திரும்பியது. சூட்டில் கொதிக்கும் இரும்பில் பச்சைத் தண்ணீர் சட்டென்று பாய்ந்தால் வெடித்துவிடும் என்று திருகை மூடி, மயிரிழை மயிரிழையாகத் திறந்தேன். முதலில் ஆவி சீறியது. அப்புறம் கொதிநீர் துப்பியது. திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நூல் மாதிரி மறுபடி விழ ஆரம்பித்தது. நர்ஸ் கண்களை மூடிக்கொண்டு உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். பாட்டில்களை இரண்டு கையாலும் அணைத்திருந்தார், ஒன்றுகூட உடையவில்லை.

இரண்டு ஆண்களும் தோணியின் இரு பக்கத்தையும் பிடித்துத் தொங்கியபடியே கால் உதைத்துத் திருப்ப, தெருவுக்குப் போய்ச் சேர்ந்தோம். மேட்டில் நின்ற சனங்கள் நனைந்த மிராசுதாரைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ஒரு பெண் மட்டும் உலர்ந்த வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்குவதற்கு முன் அவர் தயங்கினார். வாங்கிக்கொண்டார்.

நர்ஸ் உடனே வேலையில் இறங்கினார். கூரைக் கம்புகளில் பாட்டில்களைத் தொங்கவிட்டார். நல்ல தண்ணீர்க் குடம், அரிசி, மண்ணெண்ணெய் என்று அன்று நாலு நடை போய் வந்தோம். மறுநாள் ஆறு நடை. படுத்திருந்தவர்களில் அதற்குப் பிறகு யாரும் சாகவில்லை.

என்ஜினின் அடியில் மட்டும் ஒரு மாறுதல். முதல் நாள் மத்தியானத்திலிருந்தே அடிக்கு அடி நடுவில் லேசான ஒரு தட்டு கேட்டது. உள்ளே கீறல் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். டிரைவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் அந்தத் தட்டு காதில் விழும், எழுந்துவிடுவேன்.

மூன்றாம் நாள் காலை, கரையை விட்டு இருபதடி போவதற்குள் என்ஜின் ஒரே ஒரு முறை உறுமிவிட்டு இறுகிப்போனது. கைப்பிடி அசையவில்லை. அந்த நேரத்தில் கரையில் தாசில்தார் வந்திருந்தார். அரசாங்கப் படகும் வந்து சேர்ந்திருந்தது. ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் நாலைந்து போலீஸ்காரர்களும் அரிசி மூட்டைகளுக்குக் காவல் நின்றார்கள். தோணியைக் கயிறு கட்டி இழுத்தார்கள்.

மிராசுதார் மூன்று நாளாகச் சரியாகத் தூங்காதவர். குறுவை முழுவதும் தண்ணீரில் அழுகிப்போனது அன்று காலைதான் அவருக்கு உறைத்திருந்தது. என்ஜினைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார்.

"வேணும்னே பண்ணியிருக்கான். வேலைய விட்டு நிறுத்தினதுக்குப் பழி வாங்கிட்டான். எனக்கு அப்பவே தெரியும்."

சப்-இன்ஸ்பெக்டருக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. சங்கத்து ஆள் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. ஒரு போலீஸ்காரர் டிரைவரின் மேற்கையைப் பிடித்தார். டிரைவர் திமிறவில்லை. என்னையும் பார்க்கவில்லை. உடைப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் உடனே பேசினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பேசவில்லை. டூல் பெட்டியைத் திறந்தேன், மூடினேன். கடை முதலாளி, வேலை, மன்னார்குடி அறை, இஸ்திரி போட்ட சட்டை எல்லாம் மனசில் ஓடின. இரண்டாவது போலீஸ்காரர் கயிறு கொண்டுவரப் போனார். அவர் திரும்பி வரும்போதுதான் வாய் திறந்தது.

"அவரு இல்லைங்க. நான்தான்."

மிராசுதார் திரும்பினார்.

"மொத நாளே தண்ணி அடைச்சு என்ஜின் வெந்துபோச்சு. நிறுத்தியிருக்கணும். நிறுத்தாம ஓட்டுனது நான்தான். உள்ள இருக்குற அடி அன்னைக்கு விழுந்தது."

"சூடு சரியா இருக்குன்னு சொன்னியே? ரெண்டு தடவை கேட்டேனே?"

"ரெண்டாவது தடவை சொன்னது பொய்ங்க."

மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த நர்ஸ் எழுந்து வந்தார். "அன்னைக்கு நிறுத்தியிருந்தா நாலு பேரும் உடைப்புல போயிருப்போம். நீங்களும் அதுல இருந்தீங்க" என்று மிராசுதாரைப் பார்த்துச் சொன்னார். பெட்டியைக் கட்டத் திரும்பிப் போய்விட்டார்.

மிராசுதார் என் அருகே வந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீ எந்தத் தெருப் பையன்?"

இந்த முறை மன்னார்குடி என்று சொல்லவில்லை. ஊரையும் சொன்னேன், தெருவையும் சொன்னேன்.

"அதானே பார்த்தேன்" என்றார். அந்த வார்த்தை எங்கே படுமோ அங்கே பட்டது. ஆனால் போலீஸ் பக்கம் திரும்பி, "அவனை விட்டுடுங்க. நானும்தான் குழாயைக் கட்டினேன்" என்றும் அவரேதான் சொன்னார். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன மனிதரை எந்தக் கணக்கில் வைப்பதென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் நானே அவரிடம் போய், என்ஜினைப் பிரித்துச் சரிசெய்து தருகிறேன் என்றேன். சரி என்பது போல் தலையசைத்தார். நாலு நாள் வேலை. பிஸ்டனில் நீளக் கோடுகள். வளையம் இரண்டு துண்டாகியிருந்தது. அவர் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதன்முதலில் வந்த அன்று வீட்டுக்குள்ளிருந்து எவர்சில்வர் டம்ளரில் மோர் வந்தது. இந்த நாலு நாளும் எதுவும் வரவில்லை. நான் வாய்க்காலுக்குப் போய்க் கையில் அள்ளிக் குடித்தேன். என்ஜின் ஓடியதும் அதன் தலையில் அவரே கை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. "இது சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"சரியா இருக்குங்க."

"நிஜமா?"

"நிஜமாங்க."

அவர் கடைக்கு எழுதிய கடிதம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. முதலாளி அதை என்னிடம் காட்டவில்லை. இனி வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

வேலை நிறுத்தம் தானாக முடிந்தது. அறுக்க எதுவும் இல்லாத இடத்தில் எதற்கு அறுப்புக் கூலிச் சண்டை? அடுத்த வருஷம் அதிகாரிகள் முன்னிலையில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, கேட்டதில் பாதிக்கு ஒப்புக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மிராசுதார் டிரைவரை மட்டும் வேலைக்குக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். நிறுத்தின எல்லாரையும் கூப்பிட்டால் வருகிறேன் என்று அவர் பதில் சொல்லியனுப்பினாராம். எல்லாரையும் திரும்பக் கூப்பிட ஒன்பது மாசம் ஆயிற்று. அந்த ஒன்பது மாசமும் அவர் வேதாரண்யம் உப்பளத்தில் வேலை செய்தார்.

அவர் முதலில் உப்பளத்துக்குக் கிளம்பிய அன்று மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். நான் நாகப்பட்டினத்துக்கு, விசைப்படகு என்ஜின் வேலை தேடிப் போய்க்கொண்டிருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். எனக்காக உன் வேலை போயிற்றே என்று ஏதாவது சொல்வாரென்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம்.

"ஒண்ணு கேக்கட்டுமா தம்பி? போலீஸ்காரன் கையப் பிடிச்சப்பவே ஏன் சொல்லலை?"

"பயம்ண்ணே."

"ம்." டீயை ஊதிக் குடித்தார். "நான் எண்ணிக்கிட்டே நின்னேன். சொல்லுவியா மாட்டியான்னு. நாப்பத்தேழு வரைக்கும் எண்ணினேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சூடு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். வேதாரண்யம் பஸ் வந்தது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் ஏறினார். ஜன்னல் வழியாகக் கையை அசைத்தார். என் பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. நான் உட்காரவில்லை.